கடலுக்குப் போகும் கருவி வழியில் தொலையலாமா?



தோட்டத்துப் பிள்ளைகள் இன்று எந்தெந்த வேலைகளுக்கெல்லாம் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பாட்டன் பால்மரம் வெட்டினார். தந்தை செம்பனைக் குலை அறுத்தார். பிள்ளையோ தீவுகளில் சுற்றுப்பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துச் சென்று பவழப் பாறைகளையும் ஆமைகளையும் காட்டும் வேலைக்குப் போகலாம். பெர்ஹெந்தியான், தியோமான், ரெடாங் ஆகிய தீவுகளிலும், சபா மாநிலத்தின் செம்பூர்ணா பக்கத்திலும் இவ்வேலை உண்டு. இதனை ஸ்கூபா மூழ்குதல் என்கிறார்கள். முதுகில் காற்று நிரப்பிய உருளையைச் சுமந்து, அக்காற்றையே சுவாசித்துக்கொண்டு நீருக்கடியில் நீந்துவதுதான் ஸ்கூபா.

பெர்ஹெந்தியானுக்கும் தியோமானுக்கும் கரையிலிருந்து படகில் போய்விடலாம். செம்பூர்ணாவுக்குப் போக வேண்டுமானால் கோலாலம்பூரில் விமானம் ஏறி, தாவாவ் நகரில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகப் போக வேண்டும். அப்படிப் போகும் பிள்ளை தன் மூழ்கு கருவிகளைக் களவு போகாமலும் காணாமற் போகாமலும் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"எங்கள் வீட்டில் கடலில் மூழ்குபவர் யாரும் இல்லையே, இது நமக்கு எதற்கு?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று சொல்லப்போகும் முறைகள் மூழ்கு கருவிக்கு மட்டும் உரியவை அல்ல. திருவிழாவுக்குத் தவிலும் நாதசுவரமும் கொண்டு பயணம் செய்யும் கலைஞருக்கும், திருச்சிக்கோ சென்னைக்கோ கல்யாணத்துக்குப் புறப்படும் குடும்பத்துக்கும், கணினியோடு கல்லூரிக்குப் போகும் மாணவிக்கும் இவை பொருந்தும். கடினமான ஒன்றை எடுத்துக்கொண்டு பார்த்தால் எளியவை தாமே விளங்கிவிடும். ஆகவே மூழ்கு கருவியையே முன்வைத்துப் பேசுவோம்.

முதலில் அக்கருவிகள் எவை என்று பார்ப்போம். உருளையில் உள்ள காற்று மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. அவ்வழுத்தத்தைக் குறைத்து, நாம் மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். பிரெஞ்சு நாட்டவரான ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் 1943இல் உருவாக்கிய கருவியே இன்றைய ரெகுலேட்டருக்கு வழிகாட்டி. அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். கைக்கடிகாரம் போன்ற இது, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், எப்போது மேலே வர வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும். மூன்றாவது, காற்றை அடைத்தும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்துகொள்ளும் மிதவைச் சட்டை. இவற்றோடு முகக் கண்ணாடி, துடுப்புக் காலணி, உடல் குளிராமல் காக்கும் உடை ஆகியவையும் சேரும். அந்த உடை பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனது.

இவை அனைத்தையும் புதிதாக வாங்கினால் என்ன செலவாகும்? 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று உயர்த்தப்பட்டது. நல்ல தரமான முழுத் தொகுதி ஒன்று அப்படிப்பட்ட சம்பளத்தில் இரண்டு மூன்று மாதத்தை எளிதில் விழுங்கிவிடும். தாய் கூட்டு கட்டிச் சேர்த்த பணமும், தந்தையின் மிகைநேரச் சம்பளமும் அதற்குள் அடங்கியிருக்கும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பால்வெட்டுத் தொழிலாளி தன் கத்தியை இன்னொருவருக்கு எளிதில் இரவல் கொடுக்கமாட்டார். அது அவர் கைக்குப் பழகிய கத்தி. அதன் கூர்மை அவருக்குத் தெரியும். இரவல் கத்தியால் வெட்டினால் மரத்தில் காயம் படும். இரவல் ரெகுலேட்டரிலோ, அதன் பராமரிப்பு சரியில்லாவிட்டால், மனித உயிருக்கே ஆபத்து வரும். பதினைந்து இருபது மீட்டர் ஆழத்தில் நம் மூச்சை ஒரு கருவியிடம் ஒப்படைக்கிறோம். அது எப்போது பழுது பார்க்கப்பட்டது, யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியாமல் ஒப்படைக்கலாமா? ஆகவே சொந்தக் கருவி தொலைந்து போனால் தொழிலோடு பாதுகாப்பும் பாதிக்கப்படுகிறது.

இனி, நாம் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டி எப்படித் தொலைகிறது என்று பார்ப்போம். பெட்டியைக் கொடுத்ததும் அதற்கு ஒரு நீண்ட சீட்டு ஒட்டுகிறார்கள். அதில் கோடுகளும், பத்து இலக்க எண்ணும், போய்ச் சேர வேண்டிய ஊரின் மூன்று எழுத்துக் குறியும் இருக்கும். பெட்டி அங்கிருந்து ஓடுபட்டையில் போய், பிரிக்கப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டு, விமானத்தின் வயிற்றுக்குள் போகிறது. இறங்கும் இடத்தில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. விமானம் மாறிச் செல்ல வேண்டியிருந்தால் நடுவில் இன்னொரு முறை நடக்கிறது.

உலகெங்கும் 2024ஆம் ஆண்டில், ஆயிரம் பயணிகளுக்கு ஆறு பெட்டிகள் என்ற அளவில் தாமதமாகவோ சேதமாகவோ தொலைந்தோ போயின என்று விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பம் வழங்கும் சீத்தா நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2007இல் இது ஏறத்தாழ பத்தொன்பதாக இருந்தது. நிலைமை நன்றாகவே முன்னேறியிருக்கிறது. பிசகிய பெட்டிகளில் பெரும்பாலானவை தாமதமாக வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒரேயடியாகத் தொலைவதும் களவு போவதும் சிறு பகுதிதான். விமானம் மாறும் இடத்தில்தான் மிகுதியாகப் பிசகு நேருகிறது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறில் ஒருவர் நாமாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு புறப்பட வேண்டும்.

சரி, என்ன செய்வது? புறப்படுவதற்கு முந்திய நாளிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை, பொருள்களைப் பங்கிடுவது. "இது இல்லாவிட்டால் நாளை வேலை செய்ய முடியுமா?" என்று ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேட்க வேண்டும். முடியாது என்றால் அது நம்மோடு விமானத்துக்குள் வர வேண்டும். ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர், அளவாகச் செய்த கண்ணாடி வில்லை பொருத்திய முகக் கண்ணாடி ஆகியவை கைப்பைக்கு உரியவை. ரெகுலேட்டர் தொகுதி சுமார் 3 கிலோ இருக்கும். நம் நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ வரை இடம் தருகிறார்கள். ஆகவே எடை போட்டுப் பார்த்து அடுக்க வேண்டும். துடுப்புக் காலணி, மிதவைச் சட்டை, ரப்பர் உடை ஆகியவை பெரிய பெட்டிக்குள் போகலாம். அவை வரத் தாமதமானாலும் ஓரிரு நாளுக்கு வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம்.

காற்று உருளையையும் ஈயக் குண்டுகளையும் சுமக்கத் தேவையில்லை. மூழ்கும் இடத்திலேயே அவை கிடைக்கும். எப்படியும் காற்று நிரப்பிய உருளையை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மூழ்குவோர் வைத்திருக்கும் கத்தி பெரிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும்.

மின்கலங்களுக்கோ இதற்கு நேர்மாறான விதி. தனியாக வைத்திருக்கும் லித்தியம் மின்கலங்களும், கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கும் பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் தீப்பற்றினால் யாரும் பார்த்து அணைக்க முடியாது என்பதே காரணம். மின்கலத்தின் இரு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். நீருக்கடியில் பிடிக்கும் விளக்கு மிகுந்த வெப்பம் தரக்கூடியது. அதிலிருந்து மின்கலத்தைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். தெரியாமல் பெரிய பெட்டிக்குள் இவற்றை வைத்துவிட்டால், அதிகாரிகள் பெட்டியைத் திறக்கவும், பெட்டி விமானத்தில் ஏறாமல் நின்றுவிடவும் நாமே வழி செய்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது வேலை, பட்டியல் எழுதுவது. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடுவதைப் போல, பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரு தாளில் எழுத வேண்டும். ரெகுலேட்டரிலும் டைவ் கம்ப்யூட்டரிலும் தொடரெண் பொறித்திருக்கும். அதையும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒரு படம், பெட்டிக்குள் அடுக்கிய பின் ஒரு படம், மூடிய பெட்டியை வெளியிலிருந்து ஒரு படம் என்று கைப்பேசியில் மூன்று படங்கள் எடுத்துக்கொள்வது நன்று. கடை ரசீதையும் படமெடுத்து, எல்லாவற்றையும் வீட்டில் உள்ள அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பி வைக்க வேண்டும். கைப்பேசியே தொலைந்துபோனால் என்ன செய்வது? அதற்காகத்தான் வீட்டிலும் ஒரு பிரதி.

இந்தப் பட்டியல் எதற்கு? பெட்டி காணவில்லை என்று முறையிடும்போது "உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்பார்கள். "ஏதோ துணிமணி, சில சாமான்கள்" என்று சொன்னால் அதற்கேற்ற மதிப்புத்தான் கிடைக்கும். எண்ணோடும் ரசீதோடும் சொன்னால் மறுக்க இடமில்லை. பின்னொரு நாள் களவு போன கருவி யாரிடமாவது விற்பனைக்கு வந்தால், "இது எங்களுடையது" என்று நிலைநாட்டவும் தொடரெண்தான் துணை.

மூன்றாவது வேலை, பெட்டியின் தோற்றத்தைக் கவனிப்பது. மூழ்கு கருவி செய்யும் நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பெரிதாக அச்சிட்ட பைகளை விற்கின்றன. பார்வைக்கு அழகுதான். ஆனால் "என்னுள்ளே விலையுயர்ந்த பொருள் இருக்கிறது" என்று அது ஊருக்கெல்லாம் பறை சாற்றுகிறது. ஆகவே எந்த விளம்பரமும் இல்லாத, உறுதியான சாதாரணப் பெட்டியே மேல். நகைக்கடைப் பையில் நகையை வைத்துக்கொண்டு பேருந்தில் நிற்பதில்லை அல்லவா? அதே அறிவுதான் இங்கும்.

ஆனால் சாதாரணப் பெட்டி என்றால் அதைப்போலவே இன்னும் பத்துப் பெட்டிகள் சுழன்று வரும். கறுப்புப் பெட்டிகளில் எது யாருடையது என்று தெரியாமல் ஒருவர் இன்னொருவர் பெட்டியைத் தூக்கிப் போவதும் நடக்கிறது. அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த நம் முன்னோர் தகர டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தால் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பல் 1973இல் ஓய்ந்தது. அந்தப் பழக்கம் ஓயத் தேவையில்லை. கைப்பிடியில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டலாம்; பெட்டியின் இரு பக்கமும் வண்ணப்பட்டை ஒட்டலாம். வெளியே பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். வீட்டு முகவரியை வெளியே எழுதினால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்வது போலாகும். பெட்டிக்குள் மேலாக ஒரு தாளில் பெயர், தொலைபேசி எண், போகும் ஊர், தங்கும் இடம், திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். வெளிச் சீட்டு கிழிந்து போனாலும் உள்ளே இருக்கும் தாள் பெட்டிக்கு வழி சொல்லும். பழைய பயணத்துச் சீட்டுகளை மறக்காமல் கிழித்தெறிய வேண்டும். இல்லையேல் இயந்திரம் பழைய கோடுகளைப் படித்துத் தவறான ஊருக்கு அனுப்பக்கூடும்.

நான்காவது, பூட்டு. இழுப்புப் பல் பொருத்திய பையைப் பூட்டிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறோம். எழுதுகோலின் கூரான முனையை அந்தப் பற்களின் நடுவே குத்தினால் பை திறந்துகொள்ளும். இழுப்பை முன்னும் பின்னும் ஓட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருக்கும்! ஆகவே இழுப்புப் பல் இல்லாமல், கொக்கி போட்டு மூடும் கெட்டிப் பெட்டி கூடுதல் பாதுகாப்பு. துணிப்பைதான் உண்டு என்றால், மேலே பட்டை ஒன்றை இறுகக் கட்டலாம். விலை மிகுந்த பொருளை ஓரத்துப் பைகளில் வைக்காமல், நடுவில் ரப்பர் உடைக்குள் சுருட்டி வைக்கலாம். அவசரக் களவு செய்பவருக்கு நேரம் குறைவு. அவர் கை எட்டும் இடத்தில் துடுப்புக் காலணி மட்டும் தென்பட்டால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

இப்போது விமான நிலையத்துக்கு வந்துவிட்டோம். பெட்டியை ஒப்படைக்கும்போது சீட்டில் உள்ள மூன்று எழுத்துக் குறியைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூருக்கு கே.யு.எல்.; தாவாவுக்கு டி.டபிள்யூ.யு.; சென்னைக்கு எம்.ஏ.ஏ.; திருச்சிக்கு டி.ஆர்.இசட். குறி தவறாக இருந்தால் அங்கேயே சொல்லித் திருத்த வேண்டும். விமானம் மாறுவதாக இருந்தால், "பெட்டி நேரே கடைசி ஊருக்குப் போகுமா, நடுவில் நாங்கள் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதற்கு? இரண்டு பயணங்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருந்தால் பெரும்பாலும் நாமேதான் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து கொடுக்கும் பெட்டி பின்தங்கிப் போவதில் வியப்பில்லை.

பெட்டியைக் கொடுத்ததும் நம் கையில் ஒரு சிறு சீட்டுத் தருவார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு எடைக் கணக்கைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போகும் தொழிலாளி உண்டா? அதே மதிப்பு இந்தச் சிறு சீட்டுக்கும் உண்டு. பெட்டி கைக்கு வந்து, திறந்து சரிபார்க்கும் வரை அதைத் தூக்கி எறியக் கூடாது.

விமானத்துக்குள் ஏறிய பிறகும் கவனம் வேண்டும். தலைக்கு மேல் உள்ள தட்டில் வைக்கும் பையைத் துழாவிப் பணமும் பொருளும் திருடும் ஆட்களும் விமானங்களில் பயணம் செய்கிறார்கள். ஆகவே பையின் வாய்ப்பக்கம் உட்புறமாக இருக்கும்படி வைக்க வேண்டும். நம் பார்வைக்கு எட்டும் தட்டிலேயே வைக்க வேண்டும். அடையாள அட்டை, பணம் ஆகியவை உடலோடு இருக்கட்டும். தீபகற்பத்திலிருந்து சபாவுக்குப் போகும்போதும் குடிநுழைவுச் சோதனை உண்டு என்பதால் அடையாள அட்டை கைக்கெட்டும் தூரத்திலேயே வேண்டும். சில சமயம், "தட்டில் இடமில்லை, உங்கள் கைப்பையைக் கீழே அனுப்புகிறோம்" என்று வாயிலில் வாங்கிக்கொள்வார்கள். அப்போது மின்கலங்களையும் டைவ் கம்ப்யூட்டரையும் ரெகுலேட்டரையும் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே கைப்பைக்குள் மடித்த துணிப்பை ஒன்றை வைத்திருப்பது நன்று.

இறங்கியதும் சுழல்பட்டைக்கு நேராகப் போய்விட வேண்டும். தேநீர் பிறகு குடிக்கலாம். பெட்டியை எடுத்ததும் சீட்டு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, பூட்டும் ஓரங்களும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, ஐயமிருந்தால் அங்கேயே திறந்து பட்டியலோடு சரிபார்க்க வேண்டும்.

பெட்டி வரவில்லை என்றால்? இந்த இடத்தில்தான் நம் மக்களில் பலர் உரிமையை இழந்துவிடுகிறோம். "பெரிய நிறுவனம், நாம் சொன்னால் கேட்கவா போகிறார்கள்?" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். அப்படி வரக் கூடாது. வெளியே வருவதற்கு முன், அந்தக் கூடத்திலேயே உள்ள பெட்டி விசாரணை முகப்புக்குப் போய், எழுத்தில் முறையீடு பதிய வேண்டும். பி.ஐ.ஆர். எனப்படும் அந்த அறிக்கையின் பிரதியையும் அதன் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் பின்னால் எதுவும் நகராது. பொருள் களவு போயிருந்தால் விமான நிலையத்திலேயே போலீஸ் புகாரும் செய்ய வேண்டும். காப்புறுதி எடுத்திருப்பவர்களிடம் காப்புறுதி நிறுவனம் இந்த இரண்டு தாள்களையும் கேட்கும்.

அனைத்துலகப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். மலேசியாவும் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன்படி, பெட்டி சேதமாகியிருந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாள் கடந்தும் வரவில்லையென்றால் பெட்டி தொலைந்ததாகக் கொள்ளலாம். வழக்குத் தொடுக்க 2 ஆண்டு வரை காலம் உண்டு. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்று உயர்த்தப்பட்டது. எஸ்.டி.ஆர். என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. அதன் ரிங்கிட் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். இது உச்சவரம்பு என்பதை மறக்கக் கூடாது. யாருக்கும் முழுத்தொகை தானாகக் கிடைத்துவிடாது; நாம் மெய்ப்பிக்கும் இழப்புக்குத்தான் கிடைக்கும். மறுபடியும் அந்தப் பட்டியலும் ரசீதும்தான் பேச வேண்டும். பெட்டியின் மதிப்பு வரம்புக்கு மேற்பட்டது என்றால், ஒப்படைக்கும்போதே அதிக மதிப்பை அறிவித்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தவும் அவ்வொப்பந்தத்தில் வழியிருக்கிறது.

நகை, பணம், மின்னணுக் கருவி போன்றவற்றை ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்றும், வைத்தால் பொறுப்பேற்கமாட்டோம் என்றும் விமான நிறுவனங்கள் தங்கள் பயண நிபந்தனைகளில் எழுதியிருக்கின்றன. கல்யாண நகையைப் பெரிய பெட்டியில் புடவைக்குள் சுருட்டி வைக்கும் தாய்மார்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து தாவாவ் போவது உள்நாட்டுப் பயணம். இதற்கு 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு துணை நிற்கிறது. முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் மனநிறைவு தராவிட்டால் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முறையிடலாம். மாவ்கோம் என்ற பெயரில் இருந்த ஆணையம் 2025 ஆகஸ்டு முதல் தேதி இதனோடு இணைக்கப்பட்டது. முறையீட்டை எழுதத் தெரியவில்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; தொழிற்சங்கக் கிளையில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். நாள், விமான எண், சீட்டு எண், பி.ஐ.ஆர். எண், இழந்த பொருள், அதன் விலை என ஆறு செய்திகள் இருந்தால் கடிதம் எழுதிவிடலாம்.

இப்போது பெட்டி எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும் சிறு வில்லைகளும் வந்துவிட்டன. அப்படி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால், "எங்கள் பெட்டி இன்னும் கோலாலம்பூரிலேயே இருக்கிறது" என்று முகப்பில் உள்ளவரிடம் காட்ட முடியும். தேடுவது எளிதாகும். ஆனால் பெட்டி ஏதோ ஒரு வீட்டில் இருப்பதாக அது காட்டினால், நாமே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடக் கூடாது. அது போலீசார் செய்ய வேண்டிய வேலை.

திரும்பி வரும் பயணத்துக்கு ஒரு செய்தி. பல நாள் தொடர்ந்து மூழ்கியவர் கடைசி மூழ்குதலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால், அது குமிழிகளாக மாறி உடலை வாட்டும்; உயிருக்கும் ஆபத்து வரலாம். அந்த 18 மணி நேரத்தைக் கருவிக்காகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடுக்கலாம். ஈர உடை கனக்கும். உலர்ந்த உடை எடை குறையும். போகும்போது இருந்த கவனம் வரும்போது இருப்பதில்லை. களைப்போடு அவசரமாக அடுக்கும்போதுதான் பொருள்கள் விடுதி அறையிலும் படகுத்துறையிலும் தங்கிவிடுகின்றன.

கடைசியாக ஒன்று. பெட்டியிலிருந்து பொருள் போகாமல் காப்பது எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் பெட்டிக்குள் வேண்டாத பொருள் வராமல் காப்பது. "தம்பி, உன் பெட்டியில் இடமிருக்கிறதே, இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டு போய்க் கொடுத்துவிடு" என்று முகமறியாதவர் கேட்டால், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும். பெட்டிக்குள் போதைப்பொருள் இருந்தால் அது பெட்டிக்கு உரியவர் தலையில்தான் விடியும். பெட்டியை நாமே அடுக்க வேண்டும். நாமே பூட்ட வேண்டும். ஒப்படைக்கும் வரை நம் கண் அதன்மேல் இருக்க வேண்டும். தொலைந்த கருவியை உழைத்து மறுபடி வாங்கலாம். சிறைப்பட்ட பிள்ளையை எந்தச் சம்பளத்தால் மீட்பது?

நேயர்களே, பிள்ளை புறப்படும் முந்திய இரவு வீட்டில் பலகாரம் சுடுகிறோம். திருநீறு பூசி அனுப்புகிறோம். அவற்றோடு அரை மணி நேரம் பாயில் உட்கார்ந்து, பொருள்களைப் பரப்பி, அம்மா பெயர் சொல்ல, தங்கை பட்டியல் எழுத, அப்பா எடை பார்க்க, பெட்டியை அடுக்கி அனுப்புவோம். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை கடலுக்கடியில் போய்ப் பிழைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதன் கருவி கையை விட்டுப் போகாமல் ஊர்போய்ச் சேரத் துணை செய்வது குடும்பத்தின் பொறுப்பு.